சுவர்க் கறையிலிருந்து ஊசிமுனை வரை: கண்ணில் பட்டதைத் துணிக்குக் கொண்டுவர ஒரு வழிகாட்டி

ஊசி பிடித்து நாலைந்து தையல்கள் கைக்கு வந்த பிறகு பலரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தைக்கத் தெரிகிறது, எதைத் தைப்பது என்றுதான் தெரியவில்லை. உடனே இணையத்தில் தேடி, ஏற்கெனவே ஊரே தைத்து முடித்துவிட்ட அதே பூங்கொத்தையும் அதே பட்டாம்பூச்சியையும் டவுன்லோடு செய்து வைத்துக்கொள்கிறார்கள். அதில் தப்பில்லை, கை பழக அது உதவும். ஆனால் சொந்தமாக ஒன்று செய்ய வேண்டும் என்று தோன்றும்போது வேறு வழி வேண்டும். அந்த வழி பெரும்பாலும் உங்கள் பாக்கெட்டிலேயே இருக்கிறது: கைப்பேசிக் கேமரா.

கேமரா என்றதும் அழகான படம் எடுத்து அதை அப்படியே துணியில் பிரதி எடுப்பது என்று நினைத்துவிட வேண்டாம். நான் சொல்ல வருவது அதற்கு நேர் எதிர். படம் ஏற்கெனவே முழுமையான ஒன்று. அதில் இருப்பதையெல்லாம் நூலில் கொண்டுவர முயன்றால், கடைசியில் கிடைப்பது ஒரு சுமாரான போட்டோவின் சுமாரான நகல். அதனால் இந்தக் கட்டுரைக்கு ஒரே ஒரு விதிதான்: ஒரு படத்திலிருந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் துணிக்குக் கொண்டுபோங்கள். கோடு என்றால் கோடு மட்டும். நிறம் என்றால் நிறம் மட்டும். மிச்சத்தைத் தைரியமாக விட்டுவிடுங்கள்.

முதலில், பொருட்கள்

கேமரா உள்ள எந்தக் கைப்பேசியும் போதும். தனிக் கேமரா கையில் இருந்தால் சரி, இதற்கென்று புதிதாக வாங்க வேண்டியதில்லை. துணிக்கு வெளிர்நிறத்தில் சாதா நெசவுப் பருத்தி, ரொம்ப மெல்லியதாகவும் வேண்டாம், கான்வாஸ் மாதிரி முரட்டுத் துணியாகவும் வேண்டாம். பழைய படுக்கை விரிப்பை வெட்டினாலே அருமையான துணி கிடைக்கும், பலமுறை துவைத்ததால் அது சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கி முடித்திருக்கும். புதுத் துணி என்றால் ஒருமுறை துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு ஆரம்பியுங்கள்.

15 செ.மீ. அளவில் ஒரு எம்ப்ராய்டரி வளையம். ஆறு இழைகள் சேர்ந்து வரும் எம்ப்ராய்டரிப் பருத்தி நூல். ஆறையும் சேர்த்துக் கோக்காமல் இரண்டு அல்லது மூன்று இழைகளாகப் பிரித்துத் தைப்போம். நூலை முழங்கையிலிருந்து விரல்நுனி வரையுள்ள நீளத்துக்கு மேல் வெட்டாதீர்கள், நீளம் கூடினால் சிக்கு விழும், துணிக்குள் போய்ப்போய் வந்து பஞ்சாகப் பிரிந்தும் போகும். நிறங்களை அள்ளிக்கொண்டு வர வேண்டாம். வெள்ளை, கறுப்பு, ஒரு சாம்பல், ஒரு மண்நிறம், ஒரு நீலம், கூடவே கண்ணைப் பறிக்கிற ஏதாவது ஒன்று. அப்புறம் கெட்டி அட்டை, கத்தரி, பென்சில். அவ்வளவுதான்.

தேடும் வட்டத்தைச் சுருக்குங்கள்

"வெளியே போய் அழகாக ஏதாவது எடுக்கலாம்" என்று கிளம்பினால் பூவும் அந்திவானமும்தான் கிடைக்கும், ஏனென்றால் அழகு என்று நமக்கு ஏற்கெனவே சொல்லித்தரப்பட்டதைத்தான் கண் முதலில் தேடும். அதனால் கிளம்பும் முன்பே ஒரு சின்ன வேலையை உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ளுங்கள். இன்று விரிசல்கள் மட்டும். இன்று துரு மட்டும். இன்று கம்பி நிழல்கள் மட்டும். வட்டமானவை மட்டும் என்று வைத்துக்கொண்டால் சாக்கடை மூடி, பட்டன், குழாய் வாய், சைக்கிள் சக்கரம், தரையில் ஈரக் குவளை விட்டுப்போன தடம் என்று வரிசையாகக் கண்ணில் விழ ஆரம்பிக்கும். ஒன்றைத் தேடும்போதுதான் கண் வேலை செய்கிறது, எல்லாவற்றையும் தேடினால் அது எதையும் பார்ப்பதில்லை.

இடத்தையும் சுருக்குங்கள். ஒரே தெரு, அல்லது ஒரே அறை. வெளியே போக முடியாதவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே ஏகப்பட்டது இருக்கிறது: மடித்து அடுக்கிய துணிகளின் விளிம்புகள், ஜிப்பின் பற்கள், வடிகட்டியின் துளைகள், கொடியில் தொங்கும் சட்டையின் சுருக்கம், தேய்ந்துபோன படிக்கட்டின் நடுப்பகுதி. அதே பொருளைக் காலையிலும் சாயங்காலமும் எடுத்துப் பாருங்கள், இரண்டும் வேறு வேறு பொருளாகத் தெரியும்.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. பெர்லினில் கலைத்தொழில் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்த கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட், சாதாரணச் செடிகளின் தண்டு, மொட்டு, சுருண்ட இளந்தளிர் இவற்றைப் பல மடங்கு பெரிதாக்கிப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார், அதுவும் வெறும் பின்னணியில், செடியைத் தவிர வேறெதுவும் தெரியாதபடி. மாணவர்கள் அலங்கார வடிவங்களைக் கற்க அவை மாதிரிகளாகப் பயன்பட்டன. 1928-ல் அந்தப் படங்கள் புத்தகமாக வந்த பிறகுதான் உலகம் அவரைப் புகைப்படக்காரராகவே பார்க்க ஆரம்பித்தது. ஒரு செடித் தண்டு இரும்புக் கிராதி மாதிரித் தெரிவதற்கு அவர் செய்ததெல்லாம் கிட்டப் போனதும், சுற்றியிருந்ததை வெட்டி எறிந்ததும்தான்.

படம் எடுக்கும்போது

லென்ஸைத் துடையுங்கள். சிரிக்காதீர்கள், பாதிப் பேரின் படம் மங்கலாக இருப்பதற்குக் காரணம் விரல் எண்ணெய்தான்.

கிட்டப் போங்கள். ஒரு முழுச் சுவர் நமக்குப் பயன்படாது, உள்ளங்கை அகலச் சுவர் பயன்படும். கைப்பேசியின் டிஜிட்டல் ஜூமை இழுத்துப் பெரிதாக்காமல் காலை முன்னால் வையுங்கள். ரொம்பக் கிட்டப் போய் ஃபோகஸ் கிடைக்கவில்லை என்றால் கொஞ்சம் பின்னால் வந்து எடுத்துவிட்டு அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் கிட்டத்தில் எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் தூரத்திலிருந்து ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அது என்ன, எங்கே இருந்தது என்று உங்களுக்கே மறந்துபோயிருக்கும்.

சுவர், தரை மாதிரித் தட்டையானவற்றை எடுக்கும்போது கைப்பேசியை அந்தப் பரப்புக்கு இணையாகப் பிடியுங்கள். கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளை இயக்கிவிட்டால் சாய்வு உடனே தெரியும். கலைநயமாக இருக்கட்டும் என்று சாய்த்துப் பிடித்தால் படம் வேண்டுமானால் நன்றாக இருக்கலாம், ஆனால் அதிலிருந்து வடிவத்தை எடுக்கும்போது ஒரு பக்கம் பெரிதாகவும் இன்னொரு பக்கம் சிறிதாகவும் வந்து உயிரை வாங்கும்.

வெளிச்சம்தான் இதில் முக்கால்வாசி. பரப்பின் மேடுபள்ளம் வேண்டுமென்றால் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து உரசிக்கொண்டு வர வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு சின்ன மேடும் ஒரு நிழலைப் போடும். நேரே முன்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் எல்லாம் சப்பையாகிவிடும், கைப்பேசியின் ஃப்ளாஷ் செய்வது இதைத்தான், அதனால் அதை அணைத்துவிடுங்கள். மத்தியான வெயிலில் படமே எடுக்காதே என்று புகைப்படக்காரர்கள் சொல்வார்கள். முகங்களுக்கு அது சரி. செங்குத்துச் சுவருக்கு அது பொருந்தாது: உச்சி வெயில் மேலிருந்து சுவரை உரசிக்கொண்டு இறங்கும்போது, காலையில் கண்ணுக்கே தெரியாத சொரசொரப்பெல்லாம் வெளியே வரும். தரைக்குத்தான் காலையும் மாலையும். நிறம்தான் வேண்டும், மேடுபள்ளம் வேண்டாம் என்றால் மேகமூட்டமான நாள் சிறந்தது. மழை விட்ட உடனே இன்னும் சிறப்பு, ஈரமான கல்லும் மரப்பட்டையும் காய்ந்திருக்கும்போது காட்டாத ஆழமான நிறத்தைக் காட்டும்.

திரையில் வேண்டிய இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் பல கைப்பேசிகளில் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள், வெளிர்ப்பான இடங்களில் உள்ள நுணுக்கம் திரும்பக் கிடைக்கும். ஃபில்டர் எதுவும் வேண்டாம். ஆளில்லாத பொருட்களை எடுக்கிறோம் என்றாலும், பிறர் வீட்டுக் கதவு, பிறர் கொடித்துணி என்றால் கேட்டுவிட்டு எடுங்கள். "எதுக்குங்க இந்தத் துருவையெல்லாம் படம் எடுக்கிறீங்க" என்று பதிலுக்கு ஒரு கேள்வி வரும், சொல்லுங்கள், பெரும்பாலும் அவர்களே இன்னும் நல்ல துருவாகக் காட்டுவார்கள்.

சலித்தெடுப்பது

எடுத்த அன்றே உட்கார்ந்து தேர்வு செய்யாதீர்கள். ஓரிரு நாள் போகட்டும். அந்த இடத்தில் நின்ற நினைவு மங்கிய பிறகுதான் படத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரியும். முதலில் எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கட்டங்களாகவே பாருங்கள், பெரிதாக்க வேண்டாம். அந்த அளவிலும் கண்ணை இழுக்கிறது என்றால் அதில் வலுவான அமைப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

தேறியதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போனதும் படம் செத்துப்போனால் அதன் பலம் நிறத்தில் இருக்கிறது. செத்துப்போகாவிட்டால் கோட்டிலோ நிழலிலோ இருக்கிறது. எதைத் துணிக்கு எடுத்துப்போவது என்ற கேள்விக்குப் பாதி பதில் இங்கேயே வந்துவிடும். தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள், அது கதவு என்பதைக் கண் மறந்து வெறும் வடிவமாகப் பார்க்கத் தொடங்கும்.

அடுத்து, கெட்டி அட்டையில் 'ட' எழுத்து வடிவத்தில் இரண்டு துண்டுகளை வெட்டி, எதிரெதிராக வைத்தால் ஒரு சின்ன ஜன்னல் கிடைக்கும். அச்செடுத்த படத்தின்மீதோ திரையின்மீதோ அதை நகர்த்தி நகர்த்தி, பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பாருங்கள். திரையிலேயே வெட்டும் வசதி இருக்கும்போது அட்டை எதற்கு என்று தோன்றும். செய்து பார்த்தால் புரியும்: கைப்பேசியில் வெட்டும்போது நாம் படத்தைச் சரிசெய்கிறோம், அட்டையை நகர்த்தும்போது தேடுகிறோம். ஒரே படத்துக்குள் தனித்தனியாக மூன்று நான்கு படங்கள் ஒளிந்திருப்பது அப்போதுதான் தெரியும்.

ஒன்றே ஒன்று

இனிமேல்தான் நிஜமான வேலை. பெயின்ட் உரிந்த, அங்கங்கே துரு கசிந்த ஒரு பழைய இரும்புக் கதவின் படம் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதிலிருந்து நான்கு வெவ்வேறு துண்டுகள் தைக்கலாம். ஒன்று மற்றொன்றைப் போல இருக்கவே இருக்காது.

கோடு. படத்தின்மேல் மெல்லிய தாளை வைத்து உரிந்த பெயின்ட்டின் ஓரத்தை மட்டும் பென்சிலால் வரையுங்கள். எல்லா ஓரத்தையும் அல்ல, ஐந்தாறு கோடுகள் போதும். எதை விடுவது என்று தடுமாறினால் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், அப்போதும் தெரிகிற கோடுதான் வேண்டிய கோடு. கூர்மையான ஓரத்துக்குப் பின்தையல், வளைவுக்குக் காம்புத் தையல், விட்டுவிட்டு மறையும் கோட்டுக்கு ஓட்டுத்தையல். கனமான கோடு வேண்டுமென்றால் தடித்த கம்பளி நூலைத் துணிமேல் கிடத்தி, மெல்லிய நூலால் இடைவெளி விட்டுக் கட்டிக்கொண்டே போகலாம். தடித்த நூல் துணிக்குள் நுழையவே தேவையில்லை என்பதால், ஊசியில் கோக்க முடியாத சணல் கயிற்றைக்கூடப் பயன்படுத்தலாம்.

நிறம். இங்கே முக்கியம் என்னென்ன நிறம் என்பது அல்ல, எவ்வளவு என்பதுதான். நம் கதவில் பாதிக்கு மேல் மங்கிய பச்சை, கால்வாசி துருவின் செம்பழுப்பு, கொஞ்சம் சாம்பல், எங்கோ ஒரு மூலையில் நகக்கண் அளவுக்குப் பழைய நீலம். 10 செ.மீ. நீளமுள்ள அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து, அதே விகிதத்தில் நூலைச் சுற்றுங்கள்: 6 செ.மீ. பச்சை, இரண்டரை பழுப்பு, ஒன்று சாம்பல், அரை செ.மீ. நீலம். ஜவுளி வடிவமைப்புப் பாடத்தில் முதலில் செய்ய வைக்கும் பயிற்சிகளில் இதுவும் ஒன்று, இதைவிட மலிவான, இதைவிட நேர்மையான நிறப் பாடம் எனக்குத் தெரியாது. நான்கு நிறமும் சம அளவில் இருந்தால் சாதாரணமாகத் தெரிவது, அந்த நீலம் அரை செ.மீ. ஆனதும் எப்படிப் பளிச்சிடுகிறது என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. நிறத்தைத் திரையிலிருந்து எடுக்காதீர்கள். கேமரா வெள்ளைச் சமநிலையைத் தானாகவே சரிசெய்கிறேன் என்று நிறத்தை நகர்த்திவிடும், திரையின் வெளிச்சம் அதை இன்னும் கொஞ்சம் நகர்த்தும். முடிந்தால் நூல்களை எடுத்துக்கொண்டு அந்தக் கதவிடமே போங்கள், பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். விளக்கொளியில் பொருந்திய நூல் வெயிலில் பொருந்தாமல் போவது சாதாரணம்.

பக்கத்து நிறமும் விளையாடும். பாரிஸில் கோபலான் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824-ல் பொறுப்பேற்ற வேதியியலாளர் ஷெவ்ரலிடம் ஒரு புகார் வந்தது: கறுப்புச் சாயம் சரியில்லை, நீல ஊதாப் பகுதிகளில் நிழல் கொடுக்கப் பயன்படுத்தினால் வலுவில்லாமல் தெரிகிறது என்று. அவர் ஆராய்ந்து பார்த்தபோது சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது. அங்கிருந்து தொடங்கி 1839-ல் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுவது பற்றிய அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. நமக்கு இதிலிருந்து வேண்டியது இவ்வளவுதான்: நூல்கண்டில் பிடித்த நிறத்தை நம்பாதீர்கள், பக்கத்தில் வரப்போகும் நூலோடு சேர்த்து வைத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். போதாக்குறைக்கு, பளபளப்பான பருத்தி நூலில் தையலின் திசை மாறினாலே ஒரே நிறம் இரண்டு நிறமாகத் தெரியும். இதைக் குறையாக நினைக்காமல் பயன்படுத்திக்கொண்டால் ஒரு நூலில் இரண்டு சாயலைக் காட்டலாம்.

பரப்பு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், துணியால் செய்ய முடிந்து போட்டோவால் செய்யவே முடியாததும் இதுதான், ஏனென்றால் துணியைத் தொட முடியும். உரிந்த பெயின்ட்டைத் தைக்க வேண்டுமென்றால் அது எப்படித் தெரிகிறது என்று மட்டும் பார்க்காமல், அங்கே என்ன நடந்தது என்று கேளுங்கள். அடுக்கடுக்காகப் பூசினார்கள். வெயிலிலும் மழையிலும் மேலடுக்கு வெடித்தது, சுருண்டது, உதிர்ந்தது, அடியில் இருந்தது வெளியே வந்தது. சரி, துணிக்கும் அதையே செய்யுங்கள். இரண்டு மூன்று நிறத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுப் பிணையுங்கள். பிறகு மேல்துணியில் மட்டும் ஊசிமுனைக் கத்தரியால் கீறி, விளிம்பை விரலால் தேய்த்து இழை பிரியவிடுங்கள். அடுத்த அடுக்கு எட்டிப்பார்க்கும். நீங்கள் பெயின்ட்டை வரையவே இல்லை, ஆனால் பார்ப்பவருக்கு அது பழைய கதவுதான். விரிசல் விட்ட மண்ணுக்குத் துணியைக் கசக்கி, சுருக்கத்தோடு அப்படியே பிடித்துத் தைக்கலாம். தேய்ந்துபோன படிக்கு நெசவின் நடுவிலிருந்து குறுக்கு இழைகளை ஒவ்வொன்றாக உருவிவிடலாம், நெடுக்கு இழைகளான பாவு மட்டும் மிஞ்சி அந்த இடம் மெலியும். மரப்பட்டை மொக்குகளுக்கு முடிச்சுத் தையலை அடர்த்தியாகவும் ஐதாகவும் கலந்து போடலாம்.

இந்த மாதிரிப் பயிற்சியைப் பெரிய நெசவாளர்களே செய்திருக்கிறார்கள். ஜெர்மனியின் பாவ்ஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் நெசவு கற்று, 1933-ல் அமெரிக்காவின் பிளாக் மவுன்டன் கல்லூரிக்குப் போய்ப் பாடம் நடத்திய ஆனி ஆல்பர்ஸ், தறியைத் தொடும் முன்பே பரப்பை உணர வைக்கும் பயிற்சிகளை மாணவர்களுக்குக் கொடுத்தார். தட்டச்சு இயந்திரத்தில் எழுத்துகளை வரிசை வரிசையாக அடித்து, தாளிலேயே துணி போன்ற பரப்பை உருவாக்கும் பயிற்சி அதில் ஒன்று. நூல் வாங்கவே முடியாத நிலையிலும் தொடங்கலாம் என்று தெரிந்துகொள்ள இதுவே போதும்.

தாளம். ஜன்னல் கம்பி, படிக்கட்டு, ஓடு, வேலி என்று திரும்பத் திரும்ப வருவது எதுவானாலும். ஒரு சின்ன வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சதுரத் தாள்களில் பிரதி போட்டு அடுக்கிப் பாருங்கள்: நேர் வரிசையாக, செங்கல் சுவர் மாதிரி பாதி தள்ளி, கண்ணாடியில் தெரிவது மாதிரி திருப்பி. அப்புறம் ஒரே ஒரு இடத்தில் தாளத்தை உடையுங்கள், ஒரு கம்பி வளைந்திருக்கட்டும். அந்த வளைந்த கம்பிக்காகத்தான் முதலில் நீங்கள் அந்தப் படத்தையே எடுத்திருப்பீர்கள்.

தாளத்துக்கு ஓட்டுத்தையல் ஒன்றே போதும். வங்காளத்துக் காந்தா வேலை பெரும்பாலும் அதில்தான் நிற்கிறது: பழைய சேலை, வேட்டிகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்தவை அவை. ஜப்பானின் சாஷிகோவும் அதே ஓட்டுத்தையல்தான், நீலச் சாயத் துணியை வலுப்படுத்தவும் ஒட்டுப்போடவும் வெள்ளை நூலில் போட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே தையல் என்று நம்ப முடியாது. பத்துத் தையல் கற்பதைவிட ஒரு தையலின் நீளத்தையும் இடைவெளியையும் மாற்றிப் பார்ப்பது புதியவருக்கு அதிகம் சொல்லித்தரும் என்பது என் கட்சி.

துணியில் ஏற்றுவது

முதல் துண்டுகள் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. இருந்தால் போதும். சின்னதாக இருந்தால்தான் முடியும், முடிந்தால்தான் அடுத்தது வரும். கோட்டோவியத்தைப் பகல் நேரத்தில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் துணியை ஒட்டினால் கோடு தெரியும், தண்ணீரில் அழியும் பேனாவால் வரைந்துகொள்ளலாம். தைத்து முடித்ததும் முதலில் குளிர்ந்த நீரில் அலசுங்கள், பிறகு இஸ்திரி. வரிசையை மாற்றினால் சூடுபட்டு அந்த மை நிரந்தரமாகத் தங்கிவிடும். கருநிறத் துணிக்குச் சாக்பீஸ் பென்சில்.

வரைந்த கோட்டுக்கு அடிமையாக வேண்டாம். தைக்கும்போது நூல் வேறு பக்கம் போக ஆசைப்பட்டால் விடுங்கள். இந்தக் கட்டத்தில் படத்தை எடுத்துத் திரும்பப் பார்க்காமல் இருப்பது நல்லது, பார்த்தால் விட்டுப்போனதையெல்லாம் சேர்க்கத் தோன்றும்.

வெயிலையே அச்சடிக்க வைப்பது

படத்தையும் துணியையும் நேரடியாக இணைக்கும் ஒரு பழைய வழி இருக்கிறது, சயனோடைப். 1842-ல் ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை நேரே தாளில் வைத்து, கேமராவே இல்லாமல், வெள்ளை உருவமும் நீலப் பின்னணியுமாகப் படங்கள் செய்ய ஆரம்பித்துவிட்டார். பருத்தி, லினன், பட்டு மூன்றிலும் இது நன்றாக வரும்.

இரண்டு ரசாயனங்கள்: ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு. தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து, பயன்படுத்தும் முன் சம அளவு கலந்து, வெயில் படாத மங்கிய அறையில் துணியில் பூசி, இருட்டிலேயே காயவைக்க வேண்டும். கரைக்கும் அளவை நீங்கள் வாங்கும் பாக்கெட்டில் உள்ளபடியே எடுத்துக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கு ஏற்கெனவே பூசிய துணியாகவே கிடைக்கிறது, முதல் தடவைக்கு அதுதான் உத்தமம். நீங்களே கலப்பதென்றால் கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள், அமிலங்களைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

துணியைத் தட்டையான பலகையில் விரித்து, மேலே இலை, லேஸ் துண்டு, கம்பி வலை என்று எதையாவது வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டுங்கள். உங்கள் போட்டோவையே அச்சடிக்க வேண்டுமென்றால் அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, நெகட்டிவாக மாற்றி, ஒளி ஊடுருவும் தாளில் அச்செடுத்து அதை வையுங்கள். நல்ல வெயிலில் ஐந்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடம் வரை ஆகலாம், மூடாத பகுதி மஞ்சள் பச்சையிலிருந்து மங்கிய சாம்பலாக மாறுவதுதான் அடையாளம். பிறகு மஞ்சள் முழுக்கப் போகும்வரை தண்ணீரில் அலச வேண்டும். நீலம் அடுத்த நாளில் இன்னும் கருக்கும். பின்னாளில் துவைக்கும்போது சோடா கலந்த சோப்பு ஆகாது, காரம் இந்த நீலத்தைத் தின்றுவிடும்.

அச்சடித்த துணியை அப்படியே சட்டம் போட்டு மாட்டிவிட வேண்டாம், அதன்மேல் தையுங்கள். ஆனால் விதியை மறக்காமல்: இலையின் நரம்பு ஏற்கெனவே அச்சில் இருக்கிறது, அதையே நூலால் திரும்ப வரைவதில் பயனில்லை. அச்சில் இல்லாத ஏதாவது ஒன்றை மட்டும் நூலில் கொடுங்கள்.

வெயில் படம் எழுதுவதை நம் வீட்டுத் துணிகளிலேயே பார்க்கலாம். மடிப்போடு தொங்கிய திரைச்சீலையைப் பிரித்தால் வெளுத்த கோடுகள் இருக்கும். அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற ஊரின் பெண்கள் உழைத்துத் தேய்ந்த வேலை உடைகளிலிருந்து மெத்தைவிரிப்புகள் தைத்தார்கள். வெளுத்த டெனிமில் பாக்கெட்டைப் பிரித்த இடம் மட்டும் கருநீலமாக நிற்பதை அவற்றில் பார்க்கலாம். அந்த விரிப்புகள் 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதனால் பழந்துணியை வெட்டும் முன் அதையும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வெளுத்ததும் கறைபட்டதும் ஒட்டுப்போட்டதும் வெட்டி எறிய வேண்டிய பகுதிகள் அல்ல, பல நேரம் அவைதான் துண்டின் மையம்.

குறிப்பேடும் அடுத்த அளவும்

தடித்த நோட்டு ஒன்றில் ஒரு பக்கம் படம், எதிர்ப்பக்கம் தைத்த துண்டு, நடுவில் இரண்டு வரி: எந்த விஷயத்தை எடுத்தேன், என்ன நூல், எத்தனை இழை, என்ன பிடிக்கவில்லை. அழகாக வைக்க முயல வேண்டாம், அழகான நோட்டில் எழுதக் கை வராது. பிடிக்காத துண்டையும் ஒட்டி வையுங்கள். வேறொரு படம் வரும்போது தேவைப்படுவது பெரும்பாலும் அதுவாக இருக்கும்.

கொஞ்சம் சேர்ந்த பிறகு ஒன்றைப் பெரிதாகச் செய்யத் தோன்றும். இங்கே ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். 10 செ.மீ. துண்டை 40 செ.மீ. ஆக்கினால் பரப்பு நான்கு மடங்கு அல்ல, பதினாறு மடங்கு. மூன்று மணி நேரத்தில் முடிந்தது நாற்பத்தெட்டு மணி நேரம் கேட்கும். ஓவியத்தைப் பெரிதாக்கலாம், தையலைப் பெரிதாக்க முடியாது, ஓரளவுக்கு மேல் நீளமான தையல் தொங்கும், எதிலாவது மாட்டி இழுபடும். அதனால் பெரிய துண்டில் அகலமான பகுதிகளை நூலால் நிரப்பாமல் ஒட்டுத்துணியாக வைத்துவிடுங்கள், இரண்டு இழைக்குப் பதில் ஆறு இழையையோ கம்பளியையோ எடுங்கள், நெருக்கமான முடிச்சுத் தையலை எந்த இடத்தைப் பார்ப்பவர் கிட்ட வந்து பார்ப்பாரோ அந்த இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.